கை பின்னால் போகவில்லை: சர்க்கரை உள்ளவருக்கு வந்த தோள்பட்டை இறுக்கம்

கேட்டவர் 52 வயது ஆசிரியை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. ஆனி மாதம் எழுதிய கேள்வியின் சுருக்கம் இது: நான்கு மாதமாக இடது தோளில் வலி. அடிபடவில்லை, விழவில்லை. முதலில் இதயமாக இருக்குமோ என்று பயந்து ஈசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. அப்புறம் சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கையை இழுத்துவிட்டதில் வலி இரட்டிப்பானது. பிறகு ஒரு சிகிச்சை மையத்தில் பத்து நாள் கையை அழுத்தித் தூக்கினார்கள், தினமும் அழுதுகொண்டே வீடு திரும்பினார். இப்போது கொண்டை போட முடியவில்லை, உள்பாடிக் கொக்கி எட்டவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பினால் விழிப்பு வந்துவிடுகிறது. எம்ஆர்ஐயில் 'தசைநாரில் சிறு கிழிசல்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவையா, தோளில் ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமா, கையை அசைக்க வேண்டுமா, அசைக்கக் கூடாதா, தை மாதம் மகள் கல்யாணத்துக்குள் சரியாகுமா என்று கேட்கிறார்.

அம்மா, நான் 20 ஆண்டுக்கு மேலாக பிசியோதெரபி செய்கிறவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும் பங்கு தோள்பட்டைக்காரர்கள்தான். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது 'உறைந்த தோள்பட்டை' என்று டாக்டர்கள் சொல்லும் மூட்டு இறுக்கமாகத் தெரிகிறது. ஸ்கேனில் வந்த கிழிசல் இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம். ஊசி உங்கள் நிலைக்குப் பொருத்தமான ஒன்று, சர்க்கரையைக் கவனித்துப் போட்டுக்கொள்ளலாம். கையை அழுத்தித் தூக்கும் சிகிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். முழுதாகத் தெளிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குக் கை திரும்பி வருகிறது. இதையெல்லாம் ஒரு எலும்பு மருத்துவர் கைவைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அவரிடம் போகும் முன் வீட்டிலேயே நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி இருக்கட்டும், முழங்கையை மடித்து முன்கைகளை நேராக முன்னால் நீட்டுங்கள். இப்போது இரட்டைக் கதவு திறப்பது போல இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கமாக விரியுங்கள், முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. வலது கை தாராளமாகத் திறக்கும். இடது கை பாதியிலோ அதற்கும் முன்போ நின்றுவிடும். அடுத்துதான் முக்கியமான பகுதி. உங்கள் கையைத் தளர்வாக விட்டுவிட்டு, மகளை விட்டு அந்த முன்கையை மெதுவாக வெளியே திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில், சாவி போட்ட கதவு மாதிரி நிற்கிறதா? அப்படியென்றால் சிக்கல் தசையில் இல்லை, மூட்டின் உறையில் இருக்கிறது.

தோள் வலி என்று வருகிறவர்களை நான் முதலில் பிரிப்பதே இந்த இடத்தில்தான். தசைநார்க் கோளாறில் தானாகத் தூக்கும்போது கை வராது, அடுத்தவர் பிடித்துத் தூக்கினால் வலித்தாலும் மேலே போய்விடும். பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரி வரையுள்ள இடைப்பட்ட பகுதியில் மட்டும் சுரீரென்று பிடித்து, அதைத் தாண்டினால் விட்டுவிடும். கழுத்து நரம்பால் வரும் வலியில் தோள் நன்றாகவே அசையும். ஆனால் வலி முழங்கையைத் தாண்டி விரல் வரை ஓடும், மரமரப்பு இருக்கும், கழுத்தைத் திருப்பினால் கூடும், குறையும். உறைந்த தோளில் நீங்கள் அசைத்தாலும் மற்றவர் அசைத்தாலும் எல்லாத் திசையிலும் குறைவு. அதிலும் வெளிப்பக்கம் திரும்புவதுதான் அதிகம் அடிபடும். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிடுங்கள். மூட்டுத் தேய்மானமும், பின்பக்கமாக நழுவிக் கவனிக்கப்படாமல் போன மூட்டும் இதே சோதனையில் இதே மாதிரிதான் தெரியும். உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சிகிச்சையில் பாதிக் குழப்பம் போய்விடும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் பந்து உட்கார்ந்த மாதிரி. தோள் அப்படி இல்லை, சின்ன அகல் விளக்கின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தது போல. குழி ஆழமில்லை என்பதால்தான் உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டாகத் தோள் இருக்கிறது. பந்து விழாமல் பிடித்துக்கொள்ள நான்கு சிறு தசைகளின் நார்கள் அதைச் சுற்றி வளைத்திருக்கின்றன. அவற்றுக்கு அடியில் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. இந்த உறை அக்குள் பக்கத்தில் மடிப்பாகத் தொங்கும். கையை மேலே தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும்.

ரவிக்கை தைக்கும்போது கைக்குழியில் கொஞ்சம் தாராளமாகத் துணி விடுவார்கள் அல்லவா, அது மாதிரி. அந்த ரவிக்கை சுருங்கிக் கைக்குழி இறுகிவிட்டால் என்ன ஆகும்? கையைத் தூக்கினால் கை மட்டும் போகாது, ரவிக்கை முழுதும் சேர்ந்து மேலே ஏறும். உங்கள் தோளிலும் அதேதான் நடந்திருக்கிறது. உறை வீங்கி, தடித்து, அக்குள் மடிப்பு சுருங்கிவிட்டது. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். கையைவிடத் தோள்பட்டை எலும்புதான் காதை நோக்கி ஏறும். நாங்கள் நோயாளியின் பின்னால் நின்று முதலில் பார்ப்பது அதைத்தான்.

இது ஏன் உங்களுக்கு வந்தது? சர்க்கரைதான் முதல் சந்தேகம். பொதுவாக நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த இறுக்கம் வரும் என்று சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்களில் அது பத்தைத் தாண்டும். இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை, உறையும் நாரும் உண்டான கொலாஜன் என்ற புரத இழைகளில் போய் ஒட்டிக்கொண்டு ஒரு இழையை இன்னொன்றோடு பிணைக்கிறது, அதனால் அவை நெகிழ்வை இழக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். கையைக் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், மார்பில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கும் வரும். எந்தக் காரணமும் இல்லாமலும் வரும். வயது பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடையில், பெண்களுக்குச் சற்று அதிகம். ஜப்பானில் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே அழைக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் இதைக் கும்பவாதம் என்ற பெயரோடு பொருத்திப் பார்ப்பார்கள். 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934இல் வைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த கோட்மன் என்ற அறுவை மருத்துவர். அவர் பெயரில் வழங்கும் பயிற்சி ஒன்றைக் கீழே சொல்லப்போகிறேன்.

அதனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, கூடவே தைராய்டு, இந்த இரண்டு பரிசோதனையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காரணம் தெரியாமல் தோள் இறுகி வருகிற யாரையும் நான் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதில்லை. தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். நீங்கள் பட்ட கஷ்டத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த நோய் மூன்று கட்டமாகப் போகும். முதல் கட்டத்தில் வலிதான் அதிகம், இறுக்கம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். இரண்டு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை நீளலாம். இரண்டாம் கட்டத்தில் இரவு வலி அடங்கிவிடும், இறுக்கம் அப்படியே நிற்கும். மூன்றாம் கட்டத்தில் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை ஆகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாள் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும். இதை மறைத்து 'ஒரு மாதத்தில் சரியாக்கிவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். முதல் கட்டத்தில் உறை வீங்கிச் சிவந்து எரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பிடித்து இழுத்தால் அது இன்னும் சினந்து இன்னும் தடிக்கும். உங்களுக்குப் பத்து நாளும் செய்தது அதுதான். அதே இழுப்பு, அளவோடு, எட்டு மாதம் கழித்துச் செய்திருந்தால் உதவியிருக்கும். நெதர்லாந்தில் 77 நோயாளிகளை வைத்துச் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வலி தாங்கும் எல்லைக்குள் மட்டும் கையை அசைத்துக்கொண்டு, மற்றபடி தொந்தரவு செய்யாமல் விடப்பட்டவர்கள், வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் அழுத்தித்தான் தூக்குவோம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரவு வலி விழிக்கவைக்கிறது என்பதால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஆகவே முதல் வேலை வலியை அடக்குவது. தூக்கம் இல்லாவிட்டால் வலி இன்னும் பெரிதாகத் தெரியும், சர்க்கரையும் அடங்காது. மல்லாந்து படுக்கும்போது இடது மேல்கைக்கு அடியில், முழங்கைக்கு மேலே, ஒரு துண்டை நாலாக மடித்து வையுங்கள். கை பின்பக்கம் சரிந்து உறையை இழுப்பதை அது தடுக்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்தால் மார்புக்கு முன் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் இடது கையைக் கிடத்துங்கள். படுக்கும் முன் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தோளில் வையுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு சரியாக உறைக்காமல் தோல் வெந்துபோவதுண்டு. எண்ணெய் தடவினால் இதமாக இருக்கிறதா, மேலாகத் தடவிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தி உருவ மட்டும் யாரையும் விடாதீர்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, பாரசிட்டமால் போதுமா, வேறு வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். டைக்ளோபினாக் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். எட்டு வருடச் சர்க்கரைக்குப் பிறகு சிறுநீரகத்தைச் சோதிக்காமல் அவற்றைத் தொடர்வது ஆபத்து.

அப்புறம் ஊசி. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்றதும் பலர் பயந்து எழுந்து போய்விடுகிறார்கள். இது தினமும் மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு மாதிரி இல்லை. எரிந்துகொண்டிருக்கும் உறையின் மேல் நேராகப் போய் அதை அடக்குவதற்காகப் போடுவது. முதல் கட்டத்தில், அதாவது உங்கள் கட்டத்தில், போட்டால்தான் இதனால் பலன் அதிகம். சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய முடியும். வலி போன பிறகு, இறுக்கம் மட்டும் மிஞ்சிய நிலையில் போட்டுப் பெரிய பயனில்லை. சர்க்கரை ஏறுமா என்று கேட்டீர்கள். ஏறும். போட்ட அன்றோ மறுநாளோ கூட ஆரம்பித்து, சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை உயர்ந்து நின்று தானாக இறங்கும். ஆகவே ஊசி போடும் முன் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வாரம் வீட்டில் தினமும் குத்திப் பாருங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமென்றால் அவர் மாற்றுவார். ஏற்கனவே சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் ஊசி. காய்ச்சலோ உடம்பில் எங்கேனும் சீழ்ப்புண்ணோ இருந்தால் அப்போதைக்கு வேண்டாம்.

அசைக்க வேண்டுமா, கூடாதா என்ற கேள்விக்கு என் பதில்: அசைக்க வேண்டும், ஆனால் வலியோடு மல்லுக்கட்டக் கூடாது. நான் நோயாளிகளிடம் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வேன். பயிற்சியின்போது வலி மூன்று, நான்கு வரை போகலாம். முடித்து அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அன்று இரவு தூக்கம் கெட்டால் செய்தது அதிகம் என்று பொருள், மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

முதல் பயிற்சி நான் சொன்ன கோட்மன் பயிற்சி. மேசை விளிம்பில் வலது கையை ஊன்றி இடுப்பை வளைத்துக் குனிந்து நில்லுங்கள். இடது கை கிணற்றுக்குள் விட்ட வாளிக் கயிறு போலத் தளர்ந்து தொங்கட்டும். கையை நீங்கள் ஆட்டக் கூடாது, உடம்பை முன்னும் பின்னுமாக லேசாக அசையுங்கள், கை தானாக ஆடும். அப்புறம் பக்கவாட்டில், பிறகு சிறு வட்டம். ஒரு நிமிடம் போதும், நாளைக்கு நான்கைந்து தடவை. குனியும்போது தலை சுற்றினால் இதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்து உட்கார்ந்தபடியே முன்னோக்கித் தள்ளுவது. கையோடு உடம்பும் சேர்ந்து சாயட்டும். மூன்றாவதுதான் உங்களுக்கு அவசியமானது. மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கையும் உடம்போடு ஒட்டி, இரண்டு கையிலும் ஒரு குச்சியைக் கிடையாகப் பிடியுங்கள், குடையோ ஒட்டடைக்கோலோ எதுவானாலும் சரி. வலது கையால் குச்சியைத் தள்ளி இடது முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். பிடிப்பு தெரிந்த இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, திரும்புங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து. வெளிப்பக்கத் திருப்பம் கொஞ்சம் வந்துவிட்டால் கை தூக்குவதும் சேர்ந்து வரும், அந்த இரண்டுக்கும் அப்படி ஒரு தொடர்பு.

சுவரில் விரலால் ஏணி ஏறுவதையும், கதவில் கப்பி மாட்டிக் கயிற்றால் கையைத் தூக்குவதையும் எல்லோரும் முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அவை இப்போது வேண்டாம். இரவில் தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுக்கும் பயிற்சி அதற்கும் பிறகு.

அன்றாட வேலைகளில் சின்ன மாற்றங்கள் பெரிய உதவி. ரவிக்கை போடும்போது இடது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். உள்பாடியின் கொக்கியை வயிற்றுப் பக்கம் மாட்டிவிட்டு அப்புறம் பின்னால் சுற்றிக்கொள்ளலாம். பருப்பு டப்பாவும் மாவு டப்பாவும் மேல் தட்டில் இருந்தால் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள். துணி காயப்போடும் கொடியைத் தாழக் கட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு மேல் கம்பியை இடது கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், பிரேக் போடும்போது விழும் ஒரு வெட்டு இழுப்பு போதும், இரண்டு வார முன்னேற்றம் போய்விடும். கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிடும் வேலையும் வேண்டாம். வலியில்லாத எல்லா வேலையையும் அந்தக் கையால் செய்துகொண்டே இருங்கள்.

ஒருவேளை பல மாதம் இப்படிச் செய்தும் கை வராமல் நின்றுவிட்டால் அடுத்த வழிகள் உண்டு. உப்பு நீரும் மருந்தும் கலந்து மூட்டுக்குள் செலுத்தி உறையை உள்ளிருந்தே விரிப்பது ஒன்று. மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து இறுக்கத்தை விடுவிப்பது இன்னொன்று. சிறு துளை வழியாகக் கருவி விட்டு உறையை அறுத்துவிடுவது மூன்றாவது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2020இல் வெளியானது. ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபி, மயக்கத்தில் அசைப்பது, துளைவழி அறுவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நோயாளிக்கு உணரத்தக்க அளவில் எதுவும் மற்றதைவிட மேலாக இல்லை. அதனால்தான் செலவும் ஆபத்தும் குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கிழிசல் விஷயத்துக்கு வருவோம். அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நீங்கள் கையை அசைக்கவே பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. வயது ஏற ஏற, துளி வலியும் இல்லாதவர்களின் தோளில்கூட ஸ்கேனில் இப்படித் தேய்வும் சிறு கிழிசலும் தெரியும். உங்கள் வலது தோளை ஸ்கேன் செய்தாலும் ஏதாவது எழுதியிருக்கக்கூடும். நரைமுடி மாதிரி அதுவும் வயதோடு வருவது. நான் சொன்ன பயிற்சிகள் அதைப் பெரிதாக்காது. விழுந்து அடிபட்டு, அன்றிலிருந்தே கை தூக்கப் பலமில்லாமல் போனால் அது வேறு கதை. அப்படிப்பட்ட கிழிசலைத் தள்ளிப்போடாமல் சில வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இன்னும் சிலவற்றைச் சொல்லாமல் விடக்கூடாது, உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் வேறு யாருக்கேனும் உதவும். இடது தோள் வலியோடு நெஞ்சு பாரம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால், அல்லது நடந்தால் வந்து நின்றால் போகும் வலியாக இருந்தால், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமல் தோளில் மட்டும் தெரிவதும் உண்டு, பழைய ஈசிஜியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தோளை எப்படி அசைத்தாலும் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது. பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியும், நுரையீரலின் உச்சியில் வரும் கட்டியும் தோள் வலியாக ஆரம்பிக்கலாம். காய்ச்சலோடு தோள் சிவந்து சூடாக இருந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கை பலமிழப்பது, இவையும் தாமதிக்கக் கூடாதவை. காலையில் எழும்போது இரண்டு தோளும் ஒன்றாக இறுகி ஒரு மணி நேரம் விடாமல் இருந்தால் அது வேறு அழற்சி நோயாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில் தெரியும்.

முன்னேற்றத்தை நாள்தோறும் பார்க்காதீர்கள், மனசு சோர்ந்துவிடும். மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, சுவரை ஒட்டி நின்று இடது கை விரல் எட்டும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போடுங்கள். முதல் இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் விழலாம், கீழே இறங்கக்கூட இறங்கலாம், பதற வேண்டாம். அதற்குள் இரவு வலி குறைந்திருந்தால் அதுதான் முதல் நல்ல செய்தி. ஒரு தோளுக்கு வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் மறு தோளுக்கும் வருவதுண்டு, ஆனால் குணமான தோளுக்கே திரும்ப வருவது அரிது. வலது தோளில் இரவு வலி தொடங்கினால் நான்கு மாதம் பொறுக்காமல் முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.

தை மாதம் என்றால் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஊசியும் தூக்கமும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சரியாக அமைந்தால், கல்யாணத்துக்குள் வலி பெருமளவு அடங்கி, நீங்களே தலைவாரிக்கொள்ளும் அளவுக்குக் கை வந்திருக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் கை போவது, நான் பார்த்தவரை, எல்லாவற்றிலும் கடைசியாகத்தான் திரும்பும், அது அதற்குள் வராமலும் போகலாம். பட்டுச் சேலைக்குக் கொசுவம் வைத்து முந்தானைக்குப் பின் குத்த அன்று காலை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள், இடது கைக்குழியைக் கொஞ்சம் தாராளமாக வெட்டட்டும், கொக்கி முன்பக்கமே இருக்கட்டும்.